உடைந்த சஹன்

சோறு உண்ணும் தட்டை நாம் 'பீங்கான்' என்கிறோம். சிங்களத்தில் அது 'பிங்கான'. மலாய் மொழியிலும் தட்டுக்குப் 'பிங்கான்' என்றே பெயர். மூன்றும் ஒரே சொல்தான். பாரசீகத்தில் 'பிங்கான்' என்றால் கிண்ணம். அரபியில் 'ப' என்ற ஒலியும் 'ங்க' என்ற ஒலியும் இல்லாதபடியால் அங்கே அது 'ஃபின்ஜான்' ஆகி, கஹ்வா ஊற்றிக் குடிக்கும் சிறு கோப்பைக்குப் பெயராக இன்றும் நிற்கிறது. பாரசீகக் குடாவிலிருந்து கிழக்கே வந்த கப்பல்கள் தொட்ட துறையெல்லாம் இந்தச் சொல்லையும் இறக்கிவிட்டுத்தான் போயிருக்கின்றன.

இதைவிட நமக்கு நெருக்கமான இன்னொரு சொல் இருக்கிறது. கலியாண வீட்டிலோ கந்தூரியிலோ "ஒரு சஹனுக்கு ஆறு பேர் இருங்க" என்று சொல்லக் கேட்காத முஸ்லிம் இந்நாட்டில் இருக்க முடியாது. 'ஸஹ்ன்' என்பது அரபியில் தட்டு. இன்று சஹன் என்றால் நமக்கு அலுமினியமோ எவர்சில்வரோதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1326ஆம் ஆண்டு திமிஷ்க் நகரத்து ஒழுங்கை ஒன்றில் இப்னு பதூதா கண்ட சஹன் சீனத்து மட்பாண்டம். ஓர் அடிமைச் சிறுவன் கையிலிருந்து அது விழுந்து நொறுங்கிப் போகிறது. சனம் கூடுகிறது. கூட்டத்தில் ஒருவர், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்பு நிர்வாகியிடம் போகும்படி அவனுக்குச் சொல்லி, கூடவே போகிறார். நிர்வாகி துண்டுகளைப் பார்க்கிறார். அதேபோன்ற இன்னொரு சஹன் வாங்கக் காசு கொடுக்கிறார். இல்லாவிட்டால் எசமான் பையனை அடித்திருப்பான், குறைந்தது ஏசியாவது இருப்பான், அவன் மனமும் உடைந்திருக்கும் என்று எழுதி அந்த வக்பை ஏற்படுத்தியவரை இப்னு பதூதா வாழ்த்துகிறார்.

இந்தச் சம்பவத்தை நம்மவர் பயான்களில் வக்பின் மகிமைக்காகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் கண்ணில் படுவது வேறொன்று. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போகச் சொன்னார்களே, அது. உடைந்ததற்கு ஓடுதான் சாட்சி. வாய்ச்சொல் போதாது. வரலாறு எழுதுகிறவனுக்கும் நிலைமை இதுதான்.

உடைந்த மண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதைக் குயவனின் கையிலிருந்து தொடங்கிப் பார்ப்போம். சக்கரத்தில் வனையும்போது சீவி எடுக்கும் களி, கோணிப்போன சட்டி, கைபிடிக்கும்போது நெளிந்த முட்டி எதையும் குயவர் எறிவதில்லை. நன்றாகக் காயவிட்டுத் தண்ணீரில் போடுவார். இதில் ஒரு விசயம் இருக்கிறது. அரை ஈரமாக உள்ள களியைத் தண்ணீரில் போட்டால் அது கட்டியாகவே கிடக்கும், கரையாது. எலும்பாகக் காய்ந்த களி மட்டும் போட்ட மாத்திரத்தில் பொலபொலவென்று உதிரும். காய்ந்த களியின் நுண்துளைகளுக்குள் தண்ணீர் ஒரேயடியாகப் பாயும்போது உள்ளே இருக்கும் காற்று அதைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. அப்படிக் கூழான களியைத் தெளியவைத்து, நீரை இறுத்து, மிதித்துப் பிசைந்தால் மறுபடி வனையலாம். பழைய களி சேர்ந்த மண் புதுமண்ணைவிடக் கைக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். எத்தனை தரம் வேண்டுமானாலும் இந்தச் சுற்று நடக்கும்.

சூளைக்குள் போகும்வரைக்கும்தான். ஏறக்குறைய 600 பாகை செல்சியஸைத் தாண்டியதும் களியின் உள்ளமைப்போடு பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பிறகு அது மண்ணல்ல, ஓடு. ஆயிரம் வருடம் தண்ணீரில் ஊறினாலும் திரும்பக் களியாகாது. அதனால்தான் தொல்லியலாளனுக்கு ஓட்டைப்போல விசுவாசமான சாட்சி வேறில்லை. இரும்பு துருப்பிடிக்கும், துணி உக்கிப்போகும், பொன்னையும் வெள்ளியையும் உருக்கி விடுவார்கள். ஓட்டை யாரும் உருக்குவதில்லை.

ஆனாலும் ஓட்டுக்கும் மறுபிறப்பு உண்டு. இடித்துத் தூளாக்கிப் பச்சைக் களியோடு கலந்தால், காயும்போது களி சுருங்குவது குறையும். அடுப்பில் ஏற்றும்போது வெடிப்பதும் குறையும். உலகத்தின் பல மூலைகளில் வரலாற்றுக்கு முந்திய பானைகளிலேயே இந்த ஓட்டுப்பொடி காணப்படுகிறது. செங்கல் பொடியைச் சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீர் பட்டாலும் இறுகும் சாந்து கிடைக்கும். நமது பக்கத்துக் கொத்தர்கள் அதைச் 'சுர்க்கி' என்றார்கள். பாரசீகத்தில் 'சுர்க்' என்றால் சிவப்பு. எகிப்தியக் கொத்தர் அதே பொடியை 'ஹும்றா' என்றார்கள். அரபியில் அதற்கும் சிவப்பு என்றே பொருள். மொழி வேறானாலும் கொத்தனின் கண் ஒன்றுதான் போலும்.

உடைந்த கண்ணாடிக்கோ இன்னும் மதிப்பு. துருக்கியின் தென்கரையில் செர்ச்சே லிமானி என்ற இடத்தில் 11ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மூழ்கிய கப்பலொன்றை 1977 முதல் 1979 வரை அகழ்ந்தார்கள். பாத்திமிய ஆட்சிப் பகுதியிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலில் இருந்த சரக்குகளில் ஒன்று சுமார் மூன்று தொன் கண்ணாடி. அதில் ஏறக்குறைய ஒரு தொன் உடைந்த பாத்திரங்களும் ஊதும்போது கழித்துப் போட்டவையும். மீண்டும் உருக்குவதற்காகவே கப்பலேற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். நம்மூர்ப் போத்தல் வியாபாரியின் சாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் ஆயிரம் வருடப் பாரம்பரியம் இருக்கிறது!

ஓடுகளின் தலைநகர் என்று ஓர் ஊரைச் சொல்வதானால் அது ஃபுஸ்தாத்தான். அம்ர் இப்னுல் ஆஸ் (றழி) அவர்கள் எகிப்தை வென்றபின் நிறுவிய நகரம். 1047இல் அங்கு போன பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரௌ, கையை வெளிப்புறம் வைத்தால் உள்ளிருந்து தெரியும் அளவுக்கு மெல்லிய மட்பாண்டங்கள் அங்கே செய்யப்படுவதாக எழுதுகிறார். பார்க்கும் பக்கத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வர்ணப் பூச்சு பற்றியும் சொல்கிறார். கூடவே, போகிற போக்கில், ஒரு கடைத்தெரு விசயம்: பலசரக்குக்காரரும் மருந்துச் சரக்குக்காரரும் தாம் விற்கும் சாமானுக்குரிய கண்ணாடிக் குப்பியையோ மட்கலத்தையோ காகிதத்தையோ தாங்களே கொடுத்துவிடுகிறார்கள், வாங்குகிறவர் பாத்திரம் கொண்டுபோகத் தேவையில்லை.

அப்படிக் கொடுத்த மட்கலங்கள் எங்கே போயின? இதற்குப் பதில் ஏறக்குறைய நானூறு வருடம் கழித்து மக்ரீஸீயின் 'கிதத்' நூலில் கிடைக்கிறது. மிஸ்ரில் ஒவ்வொரு நாளும் ஆயிரம் தீனார் பொன் குப்பை மேட்டுக்குப் போகிறது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதாக அவர் எழுதுகிறார். பொன் எப்படிக் குப்பைக்குப் போகும்? பால்காரரும் பாற்கட்டிக்காரரும் சமையற்கடைக்காரரும் ஒரு தரம் பாவித்து எறியும் சிவப்பு மட்கலங்கள், பாற்கட்டிக்கு அடியில் விரிக்கும் பாய்த்துண்டு, சரக்குக் கட்டும் காகிதம், நூல் எல்லாவற்றின் கிரயத்தையும் கூட்டித்தான் அந்த ஆயிரம் தீனார். ஏழைகள் சமையற்கடையில் சாப்பிட்ட கலமும் அதில் சேர்த்தி. ஒரு நகரத்தின் செழிப்பைக் குப்பையால் அளந்த மனிதர் மக்ரீஸீ. பாடப்புத்தகத்தில் நாம் சுல்தான்மாரின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு மனனம் பண்ணக் கொடுக்கிறோம். இந்தப் பகுதியை ஒருநாளாவது வகுப்பில் படித்துக்காட்டினால் அவர்கள் எகிப்தை மறக்கவே மாட்டார்கள்.

சிலுவைப் படை நெருங்கி வந்தபோது 1168இல் வஸீர் ஷாவர் ஃபுஸ்தாத்துக்குத் தீ மூட்டுவித்தார். அதன்பின் நகரின் பெரும் பகுதி கெய்ரோவின் குப்பை மேடாக மாறியது. பிற்காலத்தில் குடியானவர்கள் அந்த மேடுகளைத் தோண்டி, உக்கிய மண்ணை வயலுக்கு எருவாக அள்ளிப் போனார்கள். ஓடுகள் அவர்களுக்கு இடைஞ்சல், ஒதுக்கி எறிந்தார்கள். 1912 முதல் அலி பஹ்ஜத் என்ற எகிப்திய அறிஞர் அங்கு முறையாக அகழத் தொடங்கினார். அவர் கெய்ரோவின் அரபுக் கலை அருங்காட்சியகப் பொறுப்பாளர். இலட்சக்கணக்கில் ஓடுகள் வெளிவந்தன. ஆயிரக்கணக்கானவை சீனத்தவை. சூளையிலேயே கோணி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன கழிவுக் கலங்களும் கிடைத்தன. கழிவு கிடைத்த இடத்தில்தான் சூளை இருந்திருக்கும். அழகான முழுக் கிண்ணம் எந்த நாட்டிலிருந்தும் வந்திருக்கலாம், கோணிப்போன கிண்ணத்தை யாரும் கப்பலேற்ற மாட்டார்கள் அல்லவா? முஸ்லிம் இப்னு அத்தஹ்ஹான் என்ற பாத்திமியக் காலத்துக் கலைஞரை, ஏறக்குறைய கி.பி. 1000ஆம் ஆண்டளவில் அவர் கலங்களில் இட்ட கையொப்பத்தால்தான் நாம் அறிகிறோம்.

இனி அந்தக் கலையின் மூலத்துக்குப் போவோம். அது ஒரு பொறாமையில் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது. குராஸான் ஆளுநர் அலி இப்னு ஈஸா, கலீபா ஹாரூன் அர்ரஷீதுக்கு அனுப்பிய அன்பளிப்பில் சீன அரசவைக்குரிய பீங்கான்கள் இருபது இருந்தன, அவை போன்றவற்றை அதற்குமுன் எந்தக் கலீபாவின் அவையிலும் கண்டதில்லை என்று பைஹகீ என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். 851இல் எழுதப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்ற நூலும், கண்ணாடிபோல் மெல்லிய, உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே தெரியும் சீனக் கோப்பைகளைக் குறிப்பிடுகிறது. பஸராவின் குயவர்கள் இதைப் பார்த்தார்கள். அவர்களிடம் அந்த வெண்களி இல்லை. இருந்தது மஞ்சள் பூத்த ஆற்றுக் களி. (நம் காலடியில், பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும், அந்த வெண்களி கிடக்கிறது. அல்லாஹ் யாருக்கு எதை எங்கே வைத்தான் பாருங்கள்.)

களியை வெள்ளையாக்க முடியாவிட்டால் அதன் மேற்பூச்சை வெள்ளையாக்குவோம் என்று இறங்கினார்கள். கண்ணாடிபோல் உருகிப் படியும் மெருகுக்குள் வெள்ளீயத்தை நீறாக்கிக் கலந்தால் அது பால்போல் வெளுத்து, அடியில் உள்ள மஞ்சளை மறைத்துவிடும். அரபுப் புவியியலாளர்கள் புகழ்ந்த வெள்ளீயம் மலாயக் கரையின் கலஹ் துறையிலிருந்து வந்தது. அரபியில் அதற்கு 'கல்ஈ' என்று பேர். செம்புப் பானைக்குக் 'கலாய்' பூசுவது என்று நம் முன்னோர் சொன்னதும் அதே சொல்தான். கலஹிலிருந்து மேற்கே போன கப்பல் நம் கரையைத் தாண்டாமல் போயிருக்க முடியாது.

வெள்ளை கிடைத்ததும் அவர்கள் அதோடு நிற்கவில்லை. சீனர் வெறும் வெள்ளையாக விட்ட இடத்தில் நீலத்தால் வரைந்தார்கள். பிறகு, எனது மதிப்பில் இஸ்லாமியக் கைவினை உலகுக்குக் கொடுத்த மிகப் பெரிய வியப்பு ஒன்றைச் செய்தார்கள். ஒருமுறை சுட்டு முடிந்த வெள்ளைக் கலத்தின் மேல் வெள்ளி, செம்புச் சேர்மங்களை வினாகிரியில் குழைத்து வரைந்து, புகை மண்டும் மெல்லிய சூட்டில் மறுபடி சுட்டார்கள். வெளியே எடுத்துத் துடைத்தால் மண்கலத்தின் மேல் பொன் மினுங்கும். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசல் மிஹ்ராபைச் சுற்றி 9ஆம் நூற்றாண்டில் பதித்த இத்தகைய ஓடுகளை இன்றும் காணலாம். பாத்திமியர் எகிப்தை வென்றபின் இக்கலை ஃபுஸ்தாத்துக்குப் போனது. பின்னர் ஈரானின் காஷானுக்கு. அங்கே தலைமுறை தலைமுறையாக இத்தொழில் செய்த அபூ தாஹிர் குடும்பத்தில் பிறந்து, தொழிலுக்குப் போகாமல் எழுத்தாளரான அபுல் காஸிம், ஹிஜ்ரி 700இல் இதன் செய்முறையை எழுதி வைத்தார். பத்துப் பங்கு அரைத்த வெண்கல், ஒரு பங்கு கண்ணாடித் தூள், ஒரு பங்கு வெண்களி. இவ்வளவுதான் காஷான் கலத்தின் மண். அந்த வெண்கல்லை அவர் 'சீனிக்கல்' என்று பொருள்படும் பெயரால் குறிக்கிறார். கைத்தொழிலாளியின் வீட்டில் ஒரு பேனா பிறந்ததால் நமக்கு இது கிடைத்தது. நமது ஊர்களின் பாய் இழைப்போர், வள்ளம் கட்டுவோர் வீடுகளில் அப்படி எத்தனை பேனாக்கள் இருக்கின்றன என்று நானும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இலங்கைக்கு வருவோம். 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுத்த, கயிற்றால் பலகை தைத்த அரபுப் பாணிக் கப்பலில் ஏறக்குறைய 60,000 சீனக் கலங்கள் இருந்தன. பெரும்பாலும் சாங்ஷா சூளைகளின் கிண்ணங்கள். ஒன்றில் 826ஆம் ஆண்டுக்குரிய திகதி. அதே கப்பலில் பாரசீகக் குடாப் பகுதியின் நீலப்பச்சை மெருகுச் சாடிகளும் இருந்தன. இந்த இரு வகை ஓடுகளும் ஒன்றாகக் கிடைக்கும் இடங்களில் ஒன்று நமது மாந்தை. ஜோன் காஸ்வெல் 1980 முதல் 1984 வரை அங்கு அகழ்ந்தார். யுத்தம் அந்த வேலையை நிறுத்தியது. அவர் அல்லைப்பிட்டியிலும் சொங் காலத்துச் சீன ஓடுகளை ஆராய்ந்தவர். மாந்தை மேட்டில் நீலப்பச்சைச் சாடித் துண்டுகளும், பஸராவின் வெள்ளை மெருகும், சீனத்து ஓடுகளும் கிடைத்தன. அநுராதபுரத்திலும் மேற்காசிய மெருகு ஓடுகள் உண்டு. துறைமுகத்தோடு நிற்காமல் தலைநகர்வரை அந்தச் சாடிகள் போயிருக்கின்றன.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். நம்மை 'நேற்று வந்தவர்கள்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மறுப்பெழுதும் நம்மவர் சிலர், மாந்தையில் நீலப்பச்சை ஓடு கிடைத்ததை நமது காணி உறுதிபோல் தூக்கிக் காட்டுகிறார்கள். அவர்கள் ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஓடு அப்படிப் பேசாது. நீலப்பச்சை மெருகு, இஸ்லாத்துக்கு முன்பே ஸாஸானியர் காலத்திலும் அதற்கு முன்னரும் ஈராக்கிலும் ஈரானிலும் செய்யப்பட்டது. அப்பாஸியர் காலத்திலும் அதே களி, அதே மெருகு. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்ததாக எழுதுகிறார். ஒரு சாடியை இறக்கியவர் முஸ்லிமாக இருக்கலாம், நஸ்றானியாக இருக்கலாம், தமிழ் வணிகராகவும் இருக்கலாம். சாடியின் பொருள் தெரிகிறது. அதைத் தூக்கி வந்த தோளின் ஈமான் தெரிவதில்லை. பலவீனமான ஆதாரத்தின் மேல் பலமான வாதத்தைக் கட்டினால், அந்த ஆதாரம் உடைகிற நாளில் உண்மையான வரலாறும் சேர்ந்து சரியும்.

நான் வேறு விதமாகப் பார்க்கச் சொல்கிறேன். மாந்தை அகழ்வில் மெருகு ஓடுகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், படமும் அவற்றுக்குத்தான். ஆனால் குழிகளிலிருந்து வந்த ஓடுகளில் மிகப் பெரும்பாலானவை மெருகில்லாத, இந்தப் பகுதிச் சட்டி பானைகள். பஸராவின் கிண்ணத்தில் உண்டவரும் மாந்தைச் சட்டியில் ஆக்கியதைத்தான் உண்டிருப்பார். கடல் கடந்து வந்த ஆண்கள் இங்கே பெண்ணெடுத்துத் தங்கினார்கள் என்பதை நாமே பெருமையோடு சொல்கிறோம். அப்படியானால் அந்தப் பெண்களின் அடுப்புக்கரி படிந்த ஓடும் நம் வரலாறுதானே? நமது தந்தைவழியைத் தேடிக் கப்பல் கப்பலாக ஏறி இறங்கும் ஆய்வாளர்கள், தாய்வழியின் சட்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் பேசும் தமிழ் அந்தச் சட்டியிலிருந்து வந்தது. சஹனும் ஃபின்ஜானும் மற்றப் பக்கத்திலிருந்து வந்தன.

கடற்கரை ஊர்களில் அத்திவாரம் வெட்டும்போதும் கிணறு தோண்டும்போதும் ஓடுகள் வருகின்றன. அவற்றை மண்ணோடு அள்ளி ஒழுங்கையின் பள்ளத்துக்குக் கொட்டிவிடுகிறார்கள். பழம்பொருட்களுக்கான கட்டளைச் சட்டம் 1940 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு வேலை நின்றுவிடும் என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வைத்திருப்பது இதுதான். ஓட்டைக் கழுவிப் பளபளப்பாக்காதீர்கள், கடைக்குக் கொடுக்காதீர்கள். எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள், ஒரு படம் எடுங்கள், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இடம் தெரியாத ஓடு, பேர் தெரியாத மையித்துப்போல.

மெருகுள்ள கிண்ணத்தின் அடித்துண்டு கிடைத்தால் அதன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள் என்றும் சொல்வேன். சில துண்டுகளில் முக்கோணமாக மூன்று சிறு வடுக்கள் தெரியும். சூளையில் இடத்தை மிச்சம் பிடிக்கக் கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்குவார்கள். மெருகு உருகி ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இடையில் மூன்று காலுள்ள ஒரு சின்னக் களித்துண்டை வைப்பார்கள். சுட்டு முடிந்ததும் அதைத் தட்டி எடுக்கும்போது மூன்று இடத்தில் மெருகு பெயர்ந்துவிடும். கிண்ணத்தை வாங்கியவர் சோற்றால் மூடி மறைத்த அந்த மூன்று புள்ளிகளும் பஸராவிலோ சீராஃபிலோ சூளையடியில் நின்றவனின் விரல் போன இடங்கள்.